விலாங்கு மீனுக்கு முப்பத்திரண்டு பாகை

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் எனக்கு ஒரு பகுதிநேர வேலை இருந்தது. ஒஸ்லோ நகர நடுவில் ஒரு பழைய கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் பாம்புகளுக்குச் சூடு பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் கேட்பவர்கள் ஒருமுறை நிமிர்ந்து உட்காருவார்கள். "ஏன், பாம்புக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

காய்ச்சல் இல்லை. பாம்பின் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்காது, வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு கண்ணாடிக் கூண்டிலும் ஒரு பக்கத்தைச் சூடாகவும் மற்றப் பக்கத்தைக் குளிராகவும் வைத்திருக்க வேண்டும். பாம்பு தன் விருப்பப்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும். சூடு குறைந்தால் சாப்பிடாது. சாப்பிட்டிருந்தாலும் செமிக்காது. கூடினால் வயிறு வெந்துபோகும், அப்போதும் அது நகராமல் அங்கேயே கிடக்கும். ஆகவே யாராவது ஒருவர் வெப்பமானியோடு கூண்டு கூண்டாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

அந்த நாட்களில் நோர்வேயில் வீட்டில் பாம்பு வளர்ப்பது சட்டப்படி குற்றம். எங்கள் இடம் சிறப்பு அனுமதி பெற்ற ஒரு சின்னக் காட்சிக்கூடம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். யாராவது களவாக வளர்த்துப் பிடிபட்டால், அந்தப் பாம்பும் பொலிஸ் வண்டியில் எங்களிடம்தான் வந்து சேரும்.

என் முதலாளி நோர்வேயின் வடக்கிலிருந்து வந்த ஒரு பெண். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வடக்கில் பிறந்தவர்களுக்குக் கெட்ட வார்த்தை என்பது முற்றுப்புள்ளி மாதிரி. அது இல்லாமல் வசனம் முடியாது. மனிதர்களோடு பேசும்போதுதான் அப்படி. பாம்புகளோடு பேசும்போது அவர் குரல் தாலாட்டுப் பாடுகிறவர் குரலைப் போல இருக்கும். முதல் நாளே கூண்டுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்டமான வெப்பமானி ஒன்றைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்தார்.

"இது காற்றை அளக்கிறது. பாம்பு காற்றிலா படுக்கிறது? அது படுக்கிற இடத்தை அள," என்றார். மிச்சத்தை இங்கே எழுத முடியாது.

வேலையைப் பற்றி வீட்டில் நான் மறைக்கவில்லை. அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கைகளை ஒருமுறை பார்த்தார்.

"தொடுறனியோ?"

"சூடுதானம்மா பாக்கிறன்."

"நான் கேட்டது தொடுறனியோ எண்டு."

"சில நேரம்."

அதன் பிறகு வீட்டில் சட்டங்கள் வந்தன. வேலைக்குப் போடும் சட்டை பல்கனியில் தொங்க வேண்டும். குளித்த பிறகுதான் சமையலறைக்குள் வரலாம். அந்தச் சொல்லை வீட்டுக்குள் உச்சரிக்கக் கூடாது. "அந்த ஆக்கள்" என்று சொன்னால் போதும். ஊரில் இருந்தபோது கிணற்றடியில் ஒரு நல்லபாம்பு அம்மாவுக்கு முன்னால் தலை தூக்கி நின்றதாம். அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாயைத் தரையில் கண்டாலும் அம்மா சுற்றித்தான் போவார்.

வெளியாட்களுக்கு அம்மா வேறு கதை வைத்திருந்தார். "அவள் வெப்பநிலை பாக்கிற வேலை," என்பார். பொய் இல்லை. ஆனால் அது புவி சூடாவதைப் பற்றி எல்லோரும் பேசத் தொடங்கியிருந்த காலம். திராமன் நகரில் ஒரு கலியாண வீட்டில், எனக்கு முன்பின் தெரியாத ஒரு மாமா சோற்றுத் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, வடதுருவத்திலை ஐஸ் எல்லாம் உருகுதாமே. உங்கடை கணக்கு என்ன சொல்லுது?"

"பரவாயில்லை மாமா," என்றேன். அவர் நிம்மதியாக அப்பளத்தை நொறுக்கினார்.

நாங்கள் வெஸ்ட்லியில் இருந்தோம். ஐந்தாம் இலக்க ரயில் பாதையின் கடைசி நிலையம், அதற்கு மேலே அடுக்குமாடிகள். எங்கள் கட்டடத்தில் சூட்டுக்குத் தனிக் கட்டணம் இல்லாத பொதுவான ஏற்பாடு என்பதால், அம்மா எல்லா அறைகளிலும் சூடேற்றியின் திருகை இறுதிவரை திருகி விட்டிருந்தார். குளியலறைத் தரைக்குள் ஓடும் சூட்டுக் கம்பிக்கும் அதே கதிதான். வெளியே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும்போது, அப்பா உள்ளே சாரமும் பெனியனுமாக விசிறியோடு இருப்பார். ஒருநாள் வேலைக்குரிய வெப்பமானி பைக்குள் கிடந்ததால் வீட்டு வரவேற்பறையை அளந்து பார்த்தேன். இருபத்தேழு பாகை.

காட்சிக்கூடத்தில் இருந்தவற்றில் எனக்கு அதிகம் வேலை வைத்தது மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த ஒரு மலைப்பாம்பு. பெரிய ஆள் இல்லை. நீட்டிப் பிடித்தால் என் உயரத்துக்கும் வராது. பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். யாரோ ஒருவரின் அலுமாரிக்குள்ளிருந்து பொலிஸ் மீட்டு வந்தது. இலையுதிர் காலத்தில் வந்ததிலிருந்து அது எதையும் சாப்பிடவில்லை. சூட்டை உணரும் கம்பியின் நுனியைக் கூண்டின் தரையில் ஒட்டி வைப்பேன். அது மூக்கால் தள்ளித் தள்ளிக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போட்டுவிடும். நுனி தண்ணீருக்குள் குளிர்ந்து போக, சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி கூண்டு முழுவதும் குளிர்கிறது என்று நினைத்துச் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். நான் ஓடி வந்து நிறுத்துவேன். எங்கள் இருவருக்கும் இடையிலான உறவு பெரும்பாலும் இதுதான்.

ஒரு பெப்ரவரிச் சனிக்கிழமை காலை நான் வேலைக்குப் போனபோது படிகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மேல் தளத்தில் குழாய் வெடித்திருந்தது. மின்சாரம் பார்க்கிறவர் வந்து நிலக்கீழ்த் தளம் முழுவதற்கும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, திங்கட்கிழமைக்கு முன் தரமுடியாது என்று சொல்லிப் போய்விட்டார். முதலாளி கைவிளக்கோடு நின்றார். நான் கூண்டு கூண்டாகப் போய் வாசித்தேன். இருபத்தாறு, இருபத்தைந்து, இருபத்துமூன்று. வாசித்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது.

முதலாளி தொலைபேசியில் உதவிக்கு ஆட்களை வரவழைத்தார். பல்லிகள் ஒருவர் வீட்டுக்குப் போயின. ஆமைகள் இன்னொருவர் காரில் ஏறின. பெரிய பாம்புகளை அவரே தன் வீட்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். அதிகாரிகளின் அவசர இலக்கத்துக்கும் அழைத்து அனுமதி கேட்டு வாங்கினார். கடைசியில் மிஞ்சியது அந்த மலைப்பாம்பு.

"சாப்பிடாமல் கிடக்கும் இவருக்கு என் வீடு குளிர். உன் வீட்டில் எத்தனை பாகை?"

"இருபத்தேழு."

அவர் விளக்கை என் முகத்தில் அடித்தார். "பெப்ரவரியிலா?"

"எந்த மாதமும்."

அவர் சொன்ன கெட்ட வார்த்தையில் மரியாதை இருந்தது.

பாம்பைத் துணிப்பையில் விட்டு முடிந்து, வெந்நீர்ப் போத்தல்களைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மீன் வரும் வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டி ஒன்றுக்குள் இறக்கினோம். சூட்டை உணரும் கம்பியின் நுனி உள்ளே. எண் காட்டும் சின்னத் திரை வெளியே, என் கையில். ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எண்ணையே பார்த்துக்கொண்டு போனேன். முப்பத்தொன்று. நல்லது.

இரண்டு நிலையங்கள் கழித்து, எங்கள் கட்டடத்திலேயே இருக்கும் ஒரு அன்ரி ஏறி எனக்கு எதிரில் அமர்ந்தார். ரெஜிபோம் பெட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்ன பிள்ளை, மீனோ?"

அந்தச் சொல்லை ரயிலில் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ரயில் பெட்டி நிறைய ஆட்கள். "ஓம் அன்ரி," என்றேன்.

"என்ன மீன்?"

"கொஞ்சம் நீளமான மீன்."

"விலாங்கோ!"

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

"உயிரோடயோ தந்தவங்கள்?"

"ஓம்."

"உதென்ன வயர்?"

"சூடு குறையாமல் பாக்கிறன்."

"மீனுக்குச் சூடோ? ஐஸ் எல்லோ போடுறது?"

"இது வேறை மாதிரி வளக்கிறது அன்ரி."

அவர் பெட்டியை மிகுந்த மதிப்போடு பார்த்தார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்தார். சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததால் அழைப்பு எடுபடவில்லை. வெளியே வந்ததும் அவர் யாருடனோ கதைத்தார். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்தபோது பழப்புளி கரைத்த மணம் வந்தது. அம்மா இடுப்பில் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ஒரு கையில் கத்தியும் மறு கையில் பலகையுமாக வாசலிலேயே நின்றார். அடுப்பில் சட்டி ஏறியிருந்தது.

"கொண்டா. நானே துப்பரவாக்கிறன். உனக்கு வழுக்கும்."

"அம்மா, இது மீன் இல்லை."

"அவ சொன்னா விலாங்கு எண்டு. எவ்வளவு காலமாச்சு விலாங்கு திண்டு! எங்கை, திற பாப்பம்."

"அம்மா, வேலையிடத்திலை கரண்ட் நிண்டிட்டுது."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். கத்தி மெல்லக் கீழே இறங்கியது. பின்புறமாகவே நடந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே கற்பூரம் கொளுத்தும் மணமும், "நாகதம்பிரானே" என்ற குரலும் வந்தன.

அப்பா பேருந்து ஓட்டுகிறவர். அன்றைக்கு அவருக்கு ஓய்வு. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஆள் எந்த நாடு?"

"மேற்கு ஆபிரிக்கா அப்பா."

"எப்பிடி வந்தவர்?"

"களவாய்க் கொண்டு வந்திருக்கினம்."

"பேப்பர் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. பொலிஸ் பிடிச்சுத் தந்தது."

"அப்ப எங்கடை ஆள்தான். உள்ளுக்கை கொண்டு வா," என்றார்.

வரவேற்பறைக் காற்று இருபத்தேழு. ஆனால் படுப்பதற்கு முப்பத்திரண்டு பாகையில் ஓர் இடம் வேண்டும். நான் வெப்பமானியோடு வீடு முழுவதும் தவழ்ந்தேன். குளியலறைத் தரைதான், திருகைக் குறைத்து வைத்ததும், சரியாக வந்தது. கதவுக்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு, கைகழுவும் தொட்டிக்குக் கீழே இருபத்தெட்டு. காட்சிக்கூடத்தில் இவ்வளவு அழகாக ஒருநாளும் அமையவில்லை. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வேண்டுமென்று கேட்டேன். சமையலறைக் கதவு விரலளவு திறந்தது. அம்மா வறுத்த மா போட்டு வைக்கும் பெட்டி, வெறுமையாக, வெளியே தள்ளப்பட்டது.

"அது இனி எனக்கு வேண்டாம்," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அப்பா மூடியில் துளைகள் போட்டார். பாம்பைப் பெட்டிக்குள் விட்டு, மூடியை இறுக்கி, பட்டியால் கட்டி, பாதி சூட்டிலும் பாதி குளிரிலுமாக வைத்தேன். எண் காட்டும் திரையைக் குளியலறைக்கு வெளியே கதவுப் பிடியில் தொங்கவிட்டேன். பாம்பு சுருண்டு பந்தாகிப் படுத்தது.

குளிப்பு, முழுக்கு எல்லாம் சிக்கலாகிப் போயின. அப்பா ஒவ்வொரு முறையும் பெட்டிக்கு மேலால் காலைத் தூக்கி வைத்து, "மன்னிக்க வேணும் தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா மேல் வீட்டுச் சோமாலியப் பெண்ணிடம் போய்க் குளித்தார். அந்தப் பெண் காரணம் கேட்டபோது, விருந்தாளி வந்திருக்கிறார் என்று சொன்னாராம். குளித்துவிட்டு வந்தவர் நடைக்கூடத்தின் சுவரோடு ஒட்டிப் போனார். ஆனால் போகிற போக்கில் கதவுப் பிடியில் தொங்கிய திரையை ஓரக் கண்ணால் பார்த்ததை நான் கண்டேன்.

"முப்பத்தொண்டு எண்டு காட்டுது. காணுமோ?"

"காணும் அம்மா."

"சாப்பாடு?"

"அது கனகாலமாச் சாப்பிடேல்லை."

அம்மாவின் முகத்தில் பயத்தின் இடத்துக்கு வேறொன்று வந்தது. சாப்பிடாமல் ஒரு ஜீவன் தன் வீட்டுக்குள் கிடக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. "பால் ஏதும் வைப்பமோ?" என்றார்.

"பால் குடியாதம்மா."

"ஊரிலை வைக்கிறவை."

"அங்கையும் குடிக்கிறேல்லை."

அம்மா நம்பவில்லை.

ஞாயிறு மதியம் நான் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கப் போயிருந்தேன். அப்பாவை நண்பர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். இயந்திரத்தில் உடுப்பைப் போட்டுவிட்டு மேலே வந்தபோது, அம்மாவின் குரல் படிக்கட்டுவரை கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

குளியலறைக் கதவு அகலத் திறந்திருந்தது. பெட்டி நடைக்கூடத்தின் நடுவில், அம்மாவின் மடித்த சால்வைக்கு மேலே இருந்தது. அம்மா ஒரு கதிரையில் இரு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையில் கூட்டுகிற தும்புத்தடியும் மறு கையில் வெப்பமானித் திரையுமாக இருந்தார். வியர்த்து வழிந்தது.

"முப்பத்தாறு," என்றார் என்னைக் கண்டதும். "முப்பத்தெட்டுக்குப் போட்டுது பிள்ளை. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தன், நீ வரேல்லை. வேகப்போகுதெண்டு இழுத்துப் போட்டன்."

"நீங்களோ இழுத்தனீங்கள்?"

"தடியாலைதான். பிறகு தடிக்கு வரேல்லை. கையாலை இழுத்தன்." சொல்லிவிட்டுத் தன் கையையே ஒருமுறை பார்த்தார். "முப்பத்தஞ்சு. இறங்குது, இறங்குது. திறந்து பார். உயிர் கிடக்கோ?"

பட்டியை அவிழ்த்து மூடியைத் தூக்கினேன். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பாம்பு பந்திலிருந்து அவிழ்ந்து, பெட்டியின் குளிர்ந்த மூலையில் நீளமாகக் கிடந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்தேன். புண் எதுவும் இல்லை. நாக்கை நீட்டி என் விரலை முகர்ந்தது.

"உயிரோடை இருக்கு அம்மா. நல்லா இருக்கு."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. அழத் தொடங்கினார். பயத்திலா சந்தோசத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. நான் மூடியைப் போட்டுக் கட்டிவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

காரணம் அப்பா. வெளியே போகுமுன் குளியலறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். பெட்டி தொட்டுப் பார்க்கக் குளிராக இருந்திருக்கிறது. பாவம் என்று, நான் அளந்து குறைத்து வைத்திருந்த தரைச் சூட்டின் திருகை மறுபடி இறுதிவரை திருகிவிட்டுப் போயிருக்கிறார். அவர் திரும்பி வந்தபோது அம்மா கதிரையிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

"இஞ்சருங்கோ, உங்களுக்குக் குளிரெண்டா நீங்கள் போய்ப் படுங்கோ அதிலை! அது வாயில்லாத சீவன்!"

"நான் நல்லதுக்கெல்லோ செய்தனான்."

"நல்லதாம். அவிச்சிருப்பியள்."

அப்பா பெட்டியைப் பார்த்து, "மன்னிக்க வேணும் தம்பி," என்றார். இம்முறை உண்மையாகவே சொன்னார்.

அன்று மாலை அந்த அன்ரி தொலைபேசியில் அழைத்தார். விலாங்குக் குழம்பு எப்படி என்று கேட்டார். மிச்சம் ஏதாவது கிடக்குமோ என்பது கேள்விக்குள் இருந்த கேள்வி. அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "அது மீன் இல்லை அக்கா, பாம்பு. மகளின்ரை வேலையிடத்துப் பாம்பு," என்றார். வீட்டுக்குள் அந்தச் சொல் கேட்டு எவ்வளவோ காலம். எங்கே என்று அன்ரி கேட்டிருக்க வேண்டும். "ஓம், இஞ்சைதான். பாத்றூமுக்குள்ளை. இப்ப முப்பத்தொரு பாகை. அதுக்குமேலை போகக் கூடாது," என்று அம்மா விளக்கிக்கொண்டே போனார். புளிக்கரைசல் வீணாகாமல் உறைபெட்டியிலிருந்த கானாங்கெளுத்தியைப் போட்டுக் காய்ச்சி, ஒரு கிண்ணத்தில் அவருக்கும் அனுப்பினார். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. அன்ரி வாசலுக்கு இப்பால் வரவில்லை.

திங்கட்கிழமை மின்சாரம் வந்தது. அப்பாவின் நண்பரின் காரில் பாம்பைத் திருப்பிக் கொண்டுபோனோம். முதலாளி வயிற்றையும் வாயையும் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றார். நடந்ததைச் சொன்னேன். அம்மா கையால் இழுத்த இடம் வந்தபோது அவர் ஒன்றும் திட்டவில்லை. அதுவே அபூர்வம். அந்த வாரக் கடைசியில் பாம்பு, மாதக்கணக்கான உண்ணாவிரதத்தை முடித்து, ஓர் எலியை விழுங்கியது. இடமாற்றத்தாலா, சூட்டாலா, அதற்கே தோன்றியதாலா என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் சொன்னேன். என்ன சாப்பிட்டது என்று அம்மா கேட்கவில்லை. சாமியறையில் விளக்கேற்றினார்.

அடுத்த ஆண்டு படிப்பு முடிந்தது. வேலையை விடும் நாளில், வாங்கோ அம்மா, ஒருமுறை வந்து பாருங்கோ என்று கூப்பிட்டேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். நீலச் சேலை உடுத்து, மேலே குளிர் அங்கி போட்டு, முதியோர் இல்லத்தில் தன் வேலை முடிந்த கையோடு வந்து நின்றார். படிகளில் இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்திருந்தார். மற்றக் கூண்டுகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடந்தார். மலைப்பாம்பின் கூண்டுக்கு முன்னால் நிறுத்தினேன். மெல்லத் தலையை உயர்த்தினார்.

உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஒளிந்துகொள்ளும் மரக்கூட்டுக்குள் அது சுருண்டிருந்தது. வாசலில் வாலின் ஒரு துண்டு மட்டும். முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு வந்து, வெளியே எடுத்துக் காட்டவா என்று நோர்வே மொழியில் கேட்டார்.

"வேண்டாம்," என்று அம்மாவும் அதே மொழியில் சொன்னார். பிறகு என்னிடம், "நித்திரை போலை கிடக்கு. எழுப்ப வேண்டாமெண்டு சொல்லு," என்றார்.

கொஞ்ச நேரம் அந்த வாலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு மேலே போய்க் கோப்பி குடித்தோம்.